ஜகார்த்தாவில் விழுந்த இரண்டு கோல்



கூமாப்பட்டி, வத்திராயிருப்பு பக்கம் இன்று எந்த ஆட்டமும் கைப்பேசியில் ஓடுகிறது. 1962இல் வானொலிச் செய்தியும் மறுநாள் பத்திரிகையும்தான் கதி. அந்த ஆண்டு செப்டம்பர் 4, ஜகார்த்தா ஆசியப் போட்டியின் கால்பந்து இறுதி ஆட்டம். அரங்கு முழுக்க இந்தியாவுக்கு எதிரான கூச்சல். அதற்கு நடுவே தென்கொரியாவை 2-1 என்று வென்றோம்.

ஒரு கோல் பி.கே. பானர்ஜி போட்டது. இன்னொன்றுதான் சுவாரசியம். தலையில் தையலோடு இறங்கிய தடுப்பாட்டக்காரர் ஜர்னைல் சிங்கைப் பயிற்சியாளர் ரஹீம் முன்வரிசைக்கு அனுப்பினார். அவரும் அடித்தே விட்டார்! கோல் காத்தது யார்? மதராஸ் ரெஜிமெண்டில் ஆடிப் பழகிய பீட்டர் தங்கராஜ்.

அந்தக் காலத்தில் விளையாட்டுச் செய்திகளுக்கென்றே சென்னையிலிருந்து 'ஸ்போர்ட் அண்ட் பாஸ்டைம்' வார இதழ் வந்துகொண்டிருந்தது. பிற்காலத்தில் அந்தக் கால்பந்துத் தலைமுறையின் கதையை விடாமல் சொன்னவர் டெல்லியின் ஆங்கிலப் பேராசிரியர் நோவி கபாடியா. எழுத்தாளர், வர்ணனையாளர். 'பேர்ஃபுட் டு பூட்ஸ்' என்ற அவரது இந்தியக் கால்பந்து வரலாறு 2017இல் வெளியானது. 2021 நவம்பரில் மறைந்தார். கிரிக்கெட் எழுத்தாளர்களுக்குக் கிடைத்த புகழில் பாதிகூட அவருக்கு வாய்க்கவில்லை என்பது நம் அபிப்பிராயம்.

ஆசியப் போட்டிக் கால்பந்தில் இந்தியா கடைசியாக வாங்கிய தங்கம், அந்த ஜகார்த்தா தங்கம்தான்.