தேயிலைப் பெட்டிக்குள் குற்றச் சக்கரவர்த்தி

ஹட்டன் பக்கம் பழைய காமிக்ஸ் தேடிப் போகிறவர் அலமாரியைத் தேடக்கூடாது. லயத்துக் காம்பராவில் அலமாரிக்கு இடமேது? கட்டிலுக்கடியில் இருக்கும் டிரங்குப் பெட்டியைக் கேட்கவேண்டும். இல்லாவிட்டால் ஸ்டோரிலிருந்து எப்படியோ வீடு வந்து சேர்ந்த பழைய பலகைத் தேயிலைப் பெட்டியை. உள்ளே ஈயத்தாள் ஒட்டிய பெட்டி அது. தூளுக்கு ஆகாத ஈரம் தாளுக்கும் ஆகாது என்பதை யாரும் சொல்லித்தராமலே நம் ஆட்கள் தெரிந்து வைத்திருந்தார்கள்.

நான் தேடுவது ஸ்பைடரை. அமெரிக்க ஸ்பைடர்மேனோடு இவரைக் குழப்பிக்கொள்ள வேண்டாம். கூரான காது, கறுப்பு உடை, எவரையும் மதிக்காத பேச்சு. ரசிகர்கள் செல்லமாகக் 'கூர்மண்டையன்' என்பார்கள்.

1965 ஜூனில், லண்டன் ஃப்ளீட்வே நிறுவனத்தின் 'லயன்' வார இதழில் டெட் கோவன் எழுத, ரெக் பன் வரைய, இவர் பிறந்தார். உலகத்துக் கள்வர்களுக்கெல்லாம் தானே ராஜாவாக வேண்டும் என்பதுதான் ஆசை. பூட்டுத் திறப்பதில் கில்லாடியான ஆர்டினியையும் விஞ்ஞானி பெல்ஹாமையும் கூட்டாளியாக்கிக்கொண்டு, வலைத் துப்பாக்கியும் ஹெலிகாருமாக நியூயார்க்கைக் கலக்கினார். சில கதைகளுக்குப் பிறகு எழுத வந்தவர் ஜெர்ரி சீகல். 1938இல் வெளிவந்த சூப்பர்மேனைப் படைத்த இருவரில் ஒருவர்! நல்லவனை எழுதி அலுத்துப்போயிற்றோ என்னவோ. போகப்போக மற்ற வில்லன்களை அடக்குவதே ஸ்பைடரின் வேலையாகி, நீதியின் பக்கம் வந்துவிட்டார். திருந்தினார் என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. அந்தக் கர்வம் இம்மியும் குறையவில்லையே!

சிவகாசியில் 1972இல் சௌந்திரபாண்டியன் தொடங்கிய முத்து காமிக்ஸ், இரும்புக்கை மாயாவி என்ற இன்னொரு காமிக்ஸ் நாயகனைத் தமிழுக்குக் கொண்டுவந்தது. அவர் மகன் எஸ். விஜயன் 1984 ஜூலையில் லயன் காமிக்ஸைத் தொடங்கி, அதே ஆண்டில் 'எத்தனுக்கு எத்தன்' என்ற தலைப்பில் ஸ்பைடரை இறக்கினார்.

1984 என்றதும் மலையகத்தானுக்கு வேறொன்றும் நினைவுக்கு வரும். 1964இன் சிறிமா-சாஸ்திரி ஒப்பந்தப்படி நம்மவர்களை இந்தியாவுக்கு ஏற்றிக்கொண்டுபோன தலைமன்னார்-ராமேஸ்வரம் கப்பல் நின்றது அந்த ஆண்டில்தான். கூடலூருக்கும் கோத்தகிரிக்கும் போன சித்தப்பாவும் மாமாவும் அங்கேயே, நாம் இங்கேயே. எழுபதுகளில் இந்திய இதழ்களின் இறக்குமதிக்குக் கட்டுப்பாடு இருந்தது. கப்பலும் நின்ற பிறகு, கொழும்பிலிருந்து வருகிறவர் பைக்குள் என்ன கிடந்ததோ அதுதான் எங்கள் சேகரிப்பு. ஆகவே வரிசை எண்படி முழுத் தொகுப்பு வைத்திருக்கிறேன் என்று இங்கே ஒருவர் சொன்னால் நான் கொஞ்சம் சந்தேகத்தோடுதான் பார்ப்பேன். ஒரு புத்தகம் ஒரு லயம் முழுக்கச் சுற்றி, பத்து வீட்டுக் கைநாற்றத்தோடு, அட்டையில்லாமல் திரும்பி வரும். வந்தால் லாபம்.

விலையைவிடப் பெரிய எதிரி எங்களுக்குப் பனிமூட்டம். முதலில் ஸ்டேப்பிள் பின் துருப்பிடிக்கும். துரு தாளைத் தின்னும். பின்னைக் கழற்றிவிட்டு நூலால் தைத்துவிடுவதே நல்லது. பிளாஸ்டிக் உறையில் போட்டு இறுக்கி ஒட்டினால் ஈரம் உள்ளேயே தங்கிப் பூஞ்சணம் பிடிக்கும், நான் பட்டுத் தெரிந்துகொண்டது. தை, மாசியில் காற்றுப்படும் நிழலில் பரப்பிவைக்க வேண்டும். நேர் வெயில் வேண்டாம். மலிவான அச்சுத்தாள் மஞ்சளித்து நொறுங்கிவிடும்.

கதைகள் மட்டும் போதுமென்றால் கவலையில்லை. இடையில் தடுமாறிய லயன் காமிக்ஸ் 2012 ஜனவரியில் 'கம்பேக் ஸ்பெஷல்' இதழோடு மீண்டு வந்துவிட்டது. இங்கிலாந்தில் ரெபெல்லியன் நிறுவனம் 2021இல் இருந்து ஸ்பைடரின் மூலக் கதைகளை நூலாக வெளியிடுகிறது. வழவழப்பான தாள், நல்ல அச்சு. ஆனால் முதல் பக்கத்தில் மூன்று பேர் தங்கள் பெயரெழுதி, மூன்றையும் நாலாமவர் அடித்துவிட்டுத் தன் பெயரை எழுதிய பிரதிக்கு அது ஈடாகாது என்பது என் கட்சி.

என்னிடமுள்ள ஸ்பைடரின் 'கடத்தல் குமிழிகள்' இதழில் கடைசித் தாள்கள் இல்லை. உங்கள் வீட்டுப் பெட்டிக்குள் அது இருந்தால் விலைக்குக் கேட்கமாட்டேன். ஒரு நாள் இரவல் தாருங்கள், போட்டோ எடுத்துக்கொண்டு மறுநாளே கொண்டுவந்து தந்துவிடுகிறேன்.