இசட்-வேவ் விளக்கு சுவிட்சுகளின் இணைப்புச் சிக்கல்கள்

இசட்-வேவ் என்பது வீட்டிலுள்ள விளக்கு, மின்விசிறி, கதவுப் பூட்டு, உணரி போன்ற சாதனங்களைக் கம்பியின்றி இயக்கப் பயன்படும் வானொலித் தொடர்பு நெறிமுறை ஆகும். டென்மார்க்கைச் சேர்ந்த சென்சிஸ் நிறுவனம் இதனை உருவாக்கியது. 2018 ஆம் ஆண்டில் அமெரிக்காவின் சிலிக்கான் லேப்ஸ் நிறுவனம் இத்தொழில்நுட்பத்தை வாங்கியது. இவ்வகை சுவிட்சைச் சுவரில் பொருத்திய பின்னர், அது கட்டுப்பாட்டகத்துடன் இணையாமல் போவது பயனர்கள் சந்திக்கும் சிக்கல்களுள் ஒன்று. பழுதில்லாத சுவிட்சும் பல காரணங்களால் இணைய மறுக்கலாம். எனவே புதிய சுவிட்ச் வாங்கும் முன் அக்காரணங்களை ஒவ்வொன்றாகச் சோதிப்பது நல்லது.

இணைப்பு நிகழும் முறை

ஒவ்வொரு கட்டுப்பாட்டகத்துக்கும் 32 பிட் நீளமுள்ள வீட்டு எண் ஒன்று உண்டு. இணைப்பின்போது கட்டுப்பாட்டகம் இந்த வீட்டு எண்ணையும், அந்தச் சாதனத்துக்கு மட்டும் உரிய கணு எண் ஒன்றையும் சுவிட்சுக்கு வழங்குகிறது. சுவிட்ச் அவற்றைத் தன் நினைவகத்தில் பதித்துக்கொள்கிறது. மின்சாரம் நின்றாலும் இப்பதிவு அழிவதில்லை. வழக்கமான இசட்-வேவ் வலையமைப்பு ஒன்றில் 232 கணுக்கள் வரை இருக்கலாம்.

மின்னிணைப்பு

முதலில் சோதிக்க வேண்டியது மின்வழங்கல். சுவிட்சிலுள்ள மின்னணுச் சுற்று விளக்கு அணைந்திருக்கும்போதும் இயங்க வேண்டும். அதனால் பல சுவிட்சுகளுக்கு நியூட்ரல் கம்பி தேவைப்படுகிறது. சாக்கெட்டும் சேர்ந்துள்ள சுவிட்ச் பலகையில் நியூட்ரல் ஏற்கெனவே இருக்கும். சுவிட்ச் மட்டும் உள்ள பெட்டியில் அது இல்லாமல் இருக்கலாம். ஃபேஸ் கம்பியும் விளக்குக்குச் செல்லும் கம்பியும் இடம் மாறியிருந்தாலும் சுற்றுக்கு மின்சாரம் கிடைக்காது.

நியூட்ரல் தேவைப்படாத சுவிட்சுகள் விளக்கின் வழியாகவே சிறிதளவு மின்னோட்டத்தைப் பெறுகின்றன. குறைந்த வாட் எல்இடி விளக்குடன் இவை நிலையாக இயங்காமல் போகலாம். சுவிட்சைத் திறக்கும் முன் எம்சிபியை அணைத்து, மின்சாரம் இல்லை என்பதைச் சோதித்து உறுதிசெய்ய வேண்டும். பழக்கமில்லாதவர்கள் இப்பணியை மின்பணியாளரிடம் விடுவதே பாதுகாப்பானது.

பழைய வலையமைப்பின் பதிவு

ஒரு சுவிட்சின் நினைவகத்தில் வேறொரு வீட்டு எண் இருந்தால், புதிய கட்டுப்பாட்டகத்துடன் அது இணையாது. முன்பு பயன்படுத்தப்பட்ட சுவிட்ச், கட்டுப்பாட்டகம் மாற்றப்பட்ட வீடு, பாதியில் நின்றுபோன முந்தைய முயற்சி ஆகியவற்றில் இந்நிலை ஏற்படும். தொழிற்சாலைச் சோதனையின் பதிவு நீங்காத புதிய சுவிட்சிலும் இது நேரலாம்.

இதற்குத் தீர்வு நீக்கல் எனப்படும் செயல்முறையாகும். கட்டுப்பாட்டகத்தை நீக்கல் நிலையில் வைத்து, கையேட்டில் கூறியபடி சுவிட்சின் பொத்தானை அழுத்த வேண்டும். சில வகைகளில் ஒருமுறையும் சிலவற்றில் விரைவாக மூன்று முறையும் அழுத்த வேண்டியிருக்கும். முன்பு இணைத்த கட்டுப்பாட்டகம் கையில் இல்லாவிட்டாலும், எந்த இசட்-வேவ் கட்டுப்பாட்டகத்தாலும் சுவிட்சை நீக்க முடியும். நீக்கல் முடிந்த பின்னரே மீண்டும் இணைத்தலைத் தொடங்க வேண்டும்.

தொலைவும் அதிர்வெண்ணும்

இசட்-வேவ் நாட்டுக்கு நாடு வெவ்வேறு அதிர்வெண்ணில் இயங்குகிறது. இந்தியாவில் 865.2, ஐரோப்பாவில் 868.4, அமெரிக்காவில் 908.4 மெகாஹெர்ட்ஸ் பயன்படுகின்றன. வெளிநாட்டிலிருந்து கொண்டுவந்த சுவிட்ச் உள்ளூர்க் கட்டுப்பாட்டகத்துடன் இணையாமைக்கு இவ்வேறுபாடு காரணமாகலாம். எத்தனை முறை முயன்றாலும் இது சரியாகாது.

மின்கம்பி இணைப்புள்ள சாதனங்கள் பிறவற்றின் செய்திகளை வாங்கி அனுப்புகின்றன. ஆனால் பழைய தலைமுறைச் சாதனங்களை இணைக்கும்போது கட்டுப்பாட்டகம் மிக அருகில் இருக்க வேண்டும். உலோகச் சுவர்ப்பெட்டி அலையைத் தடுக்கும். கட்டுப்பாட்டகம் யூஎஸ்பி வடிவில் இருந்தால், நீட்டிப்புக் கம்பி மூலம் அதைக் கணினியிலிருந்து விலக்கி வைப்பது பயன்தரும்.

பாதுகாப்புக் குறியீடு

2017 ஏப்ரல் முதல் சான்றிதழ் பெறும் சாதனங்களுக்கு எஸ்2 என்னும் பாதுகாப்பு முறை கட்டாயமாக்கப்பட்டது. இம்முறையில் இணைக்கும்போது, சுவிட்சின் மீதோ பெட்டியின் மீதோ அச்சிடப்பட்ட ஐந்து இலக்க எண்ணை உள்ளிட வேண்டியிருக்கலாம். எண் தவறினாலோ குறித்த நேரத்துக்குள் உள்ளிடாவிட்டாலோ, சாதனம் மறையாக்கம் இன்றி இணைந்துவிடக்கூடும். விளக்கு எரிவதால் இக்குறை கண்ணில் படாது. அவ்வாறு நேர்ந்தால் சுவிட்சை நீக்கி மீண்டும் இணைக்க வேண்டும். சுவிட்சைச் சுவரில் பொருத்தும் முன் இந்த எண்ணைப் படம் எடுத்து வைத்தால் பின்னர் அதைக் கழற்ற நேராது.

எஞ்சும் பதிவுகள்

சுவிட்சைத் தொழிற்சாலை நிலைக்கு மீட்டமைத்தால் அதன் நினைவகம் மட்டுமே அழிகிறது. கட்டுப்பாட்டகத்தில் பழைய கணு எண் அப்படியே எஞ்சும். பதிலளிக்காத இக்கணுவுக்குச் செய்தி அனுப்ப முயல்வதால் வலையமைப்பு மந்தமாகலாம். செயலிழந்த கணுவை நீக்கும் வசதியைக் கொண்டு இதை அகற்றலாம். அதனால் மீட்டமைத்தல், நீக்கல் பலிக்காதபோது மட்டும் கைக்கொள்ள வேண்டிய வழியாகும்.

பழுதை உறுதிசெய்தல்

நீக்கல் ஒரு சோதனையாகவும் பயன்படுகிறது. சுவிட்சுக்கு அருகில் கட்டுப்பாட்டகத்தை வைத்து நீக்கலை முயலும்போது, சாதனம் நீக்கப்பட்டதாகச் செய்தி வந்தால் சுவிட்சின் வானொலிப் பகுதி இயங்குகிறது என்று பொருள். பிறகும் இணையாவிட்டால் காரணத்தைப் பாதுகாப்புக் குறியீட்டிலோ கட்டுப்பாட்டகத்தின் மென்பொருளிலோ தேட வேண்டும். மின்வழங்கல், அதிர்வெண், அழுத்தும் முறை ஆகிய மூன்றும் சரியாக இருந்து, மீட்டமைத்த பின்னும் நீக்கலுக்கோ இணைத்தலுக்கோ பதில் இல்லையெனில், அதே கட்டுப்பாட்டகத்துடன் வேறொரு சாதனத்தை முயல வேண்டும். அது இணைந்தால் சுவிட்சே பழுது எனக் கொள்ளலாம்.