தழும்புக்குள் இறங்கும் நுண்ணூசி

மகளுக்குக் காது குத்திய இடத்தில் தடித்த கட்டி வளர்கிறது, களிம்பு தடவியும் கரையவில்லை, ஏன் என்று ஒரு வாசகி கேட்டிருக்கிறார். அவர் விவரிப்பதைப் பார்த்தால் கெலாய்டு போலத்தான் இருக்கிறது.

சாதாரணத் தழும்பு காயத்தின் எல்லையோடு நின்றுவிடும். கெலாய்டு நிற்காது, பக்கத்துத் தோலிலும் படரும். எங்கள் தெருவில் குழாய் பதித்த பள்ளத்தை மூட வந்தவர்கள், மூடிய பிறகும் தாரும் ஜல்லியும் கொட்டி மேடாக்கிவிட்டுப் போனார்கள். காயம் ஆறிய பிறகும் கொலாஜன் என்ற நார்ப்புரதம் அப்படித்தான் குவிகிறது.

களிம்புக்குத் தடை, தோலின் மேலுள்ள இறந்த செல்களின் அடுக்கு. தடிமன் 10 முதல் 20 மைக்ரோமீட்டர்தான். ஆனால் 500 டால்டனுக்கு (மூலக்கூறு எடையின் அலகு) மேற்பட்ட மூலக்கூறுகளை அது பெரும்பாலும் விடுவதில்லை. கெலாய்டுக்கு வழக்கமாகத் தரும் ட்ரையாம்சினோலோன் அசிட்டோனைடு என்ற ஸ்டீராய்டு மருந்து சுமார் 434 டால்டன். மேலே தடவினால் அதுவும் தடித்த தழும்பின் ஆழத்துக்குப் போதிய அளவில் போய்ச் சேராது. அதனால்தான் தழும்புக்குள்ளேயே ஊசி போடுகிறார்கள். இறுகிய திசுவில் மருந்தை அழுத்திச் செலுத்தும்போது நன்றாகவே வலிக்கும். ஜப்பானில் ஸ்டீராய்டு பூசிய ஒட்டுப்பட்டி பழக்கத்தில் இருக்கிறது. பட்டிக்கடியில் தோல் ஈரத்தில் ஊறுவதால் மருந்து உள்ளே போவது எளிதாகிறது.

என்னை மிகவும் ஈர்ப்பது நுண்ணூசிப் பட்டை. மிக நுண்ணிய ஊசிகளால் தோலில் வழி திறக்கும் யோசனைக்கு 1976-லேயே அமெரிக்காவில் காப்புரிமை கிடைத்தது. ஊசிகளைச் செய்யத்தான் அப்போது வழியில்லை. கணினிச் சில்லுக்காகச் சிலிக்கானைச் செதுக்கும் நுட்பம் முதிர்ந்த பிறகு, 1998-ல் ஜார்ஜியா டெக் ஆய்வாளர்கள் அதைக் கொண்டே நுண்ணூசிகளைச் செய்து காட்டினார்கள். இன்று ஹயலுரானிக் அமிலத்திலும் வார்க்கிறார்கள். அது நம் தோலிலேயே இருக்கும் பொருள். ஒரு மில்லிமீட்டருக்கும் குறைந்த ஊசிகள் தோலின் ஈரத்தில் கரைந்து, சுமந்து வந்த மருந்தை விட்டுவிடும். பிடுங்கி எடுக்க எதுவும் மிஞ்சாது. அவற்றில் கொஞ்சம் மருந்துதான் அடங்கும் என்பதால், பெரிய கெலாய்டுக்கு இன்னும் சிரிஞ்சுதான்.

கெலாய்டை அழகுப் பிரச்சினை என்று ஒதுக்குவது அநியாயம். அது அரிக்கும், வலிக்கும், தூக்கத்தைக் கெடுக்கும். கடையில் கேட்டு வாங்கிய ஸ்டீராய்டு களிம்பை மாதக்கணக்கில் தடவினால் சுற்றியுள்ள நல்ல தோல்தான் மெலியும். வெட்டி மட்டும் எடுத்தால் பெரும்பாலும் திரும்ப வளரும். சிறிதாக இருக்கும்போதே தோல் மருத்துவரிடம் காட்டுங்கள். குடும்பத்தில் யாருக்காவது கெலாய்டு இருந்தால், இரண்டாவது காது குத்தலைத் தவிர்த்துவிடுங்கள்.