இழுத்தால்தான் பிடிக்கும்: பேலட் மேல் சுற்றும் ஸ்ட்ரெட்ச் ஃபிலிம்

திருப்புலிவனம், உத்திரமேரூர் பக்கத்திலிருந்து ஒரகடம், ஸ்ரீபெரும்புதூர் கம்பெனிகளுக்கு வேலைக்குப் போகிற பிள்ளைகள் நிறைய. "என்ன வேலைப்பா?" என்று கேட்டால் சில பேர் "டெஸ்பாட்ச்ல ராப்பிங்" என்பார்கள். கேட்பவருக்கு அது ஒரு வேலையாகவே தெரியாது. பேலட் என்கிற மரப்பலகை மேல் பெட்டிகளை அடுக்கி, கண்ணாடி மாதிரி ஒரு பிளாஸ்டிக் தாளைச் சுற்றுவது, அவ்ளோதானே? அவ்வளவுதான் என்றால், லாரியின் பின்கதவைத் திறக்கும்போது பெட்டிகள் ஆள் மேல் சரிந்து விழுவதற்குக் காரணமே இருக்காது. அதனால் இந்தத் தாளைப் பற்றிக் கொஞ்சம் தோண்டிப் பார்த்தேன்.

முதலில் பெயர்க் குழப்பத்தைத் தீர்த்துவிடலாம். ஷ்ரிங்க் ராப் வேறு, ஸ்ட்ரெட்ச் ராப் வேறு. கடையில் 12 தண்ணீர் பாட்டில்களை ஒரே கட்டாகப் பிடித்துக்கொண்டிருக்குமே, அது ஷ்ரிங்க். சூடு காட்டினால் சுருங்கிப் பிடிக்கும். ஸ்ட்ரெட்ச்சுக்குச் சூடே வேண்டாம். இழுத்துச் சுற்றினால் பழைய நீளத்துக்குத் திரும்பப் பார்க்கும், அந்த இழுப்புதான் பெட்டிகளைப் பிடிக்கிறது. அமெரிக்காவின் கென்டக்கி மாநிலத்தில் லாங்கஸ்டர் சகோதரர்கள் 1972-ல் தொடங்கிய லான்டெக் கம்பெனிதான் இதற்கான இயந்திரத்தைப் பரவலாக்கியது. அடுத்த வருடமே எண்ணெய் நெருக்கடி வந்தது. அடுப்பு எரித்துச் சுருக்குகிற ஷ்ரிங்க் முறையைவிட, எரிபொருளே கேட்காத இந்த முறைக்கு மவுசு கூடியதில் ஆச்சரியமில்லை.

இனி முக்கியமான விஷயம். வைக்கோல் ஏற்றின வண்டியைப் பார்த்தவர்களுக்கு இதை விளக்குவது சுலபம். பாரம் ஏற்றி முடித்ததும் கயிறு போட்டு, இரண்டு ஆள் தொங்கி இழுத்து முடிச்சுப் போடுவார்கள். கயிறு நீளாது. ஆனால் வைக்கோல் அமுங்கும், அமுங்கினது திரும்ப உப்பப் பார்க்கும். வண்டி குலுங்கிக் கொஞ்சம் படிந்தாலும், உள்ளேயிருந்து வைக்கோல் தள்ளிக்கொண்டே இருப்பதால் கயிறு சட்டென்று தளராது. அதாவது, ஸ்பிரிங் சரக்கிலேயே இருக்கிறது.

இப்போது அதே கயிற்றை அட்டைப்பெட்டி அடுக்கைச் சுற்றிக் கட்டுங்க. ரோட்டில் கொஞ்ச தூரம் போனதும் பெட்டிகள் அரை சென்டிமீட்டர் நெருங்கி உட்காரும். கயிறு தொளதொள என்று ஆகிவிடும். பெட்டி திரும்ப உப்பாது. சரக்கில் ஸ்பிரிங் இல்லையென்றால், கட்டுகிற பொருளில் இருந்தாக வேண்டும். ஸ்ட்ரெட்ச் ஃபிலிம் என்பது மூடுகிற உறை இல்லை. அகலமான, மெல்லிய ஒரு ஸ்பிரிங்.

இப்படிப் பார்த்தால் பல சந்தேகங்கள் தானாகவே தீரும். இழுக்காமல் பத்துச் சுற்று சுற்றினால்? இழுக்காத ஸ்பிரிங் பத்து இருந்தும் என்ன பிரயோஜனம்? பார்வைக்கு மொத்தமாக, பத்திரமாகத் தெரியும், அவ்வளவுதான். நன்றாக இழுத்துச் சுற்றின நான்கு சுற்று அதைவிட மேல். ஒவ்வொரு சுற்றின் இறுக்கமும் ஒன்றோடொன்று கூடும், அந்தக் கூட்டுத்தொகைதான் சரக்கைப் பிடிக்கும் பலம்.

இந்தத் தாள் எல்.எல்.டி.பி.இ. என்கிற ஒருவகைப் பாலித்தீன். கையால் சுற்றுகிற ரோல் பெரும்பாலும் 17 முதல் 23 மைக்ரான் தடிமன், தலைமுடியின் தடிமனில் மூன்றில் ஒரு பங்கு என்று வைத்துக்கொள்ளலாம். ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்வதற்குப் பசை தடவுவதில்லை. ஒட்டும் தன்மையுள்ள பாலிமரைத் தாளிலேயே கலந்துவிடுகிறார்கள். கையால் இழுத்தால் ஒரு மீட்டர் ஒன்றரை மீட்டர் ஆவதே பெரிது. இயந்திரத்தில் இரண்டு உருளைகள் இருக்கும், இரண்டாவது முதலாவதைவிட வேகமாகச் சுழலும். அந்த வேக வித்தியாசத்தில் ஒரு மீட்டர் மூன்று, நான்கு மீட்டராக நீண்டு வெளியே வரும். இயந்திரம் மிச்சம் பிடிப்பது ஆள் கூலியை மட்டும் அல்ல, ஃபிலிமையும்தான்.

கையால் சுற்றுகிறவர் பாடு தனி. ரோலைப் பிடித்துக்கொண்டு பேலட்டைச் சுற்றிப் பின்பக்கமாக நடக்க வேண்டும், அடிச்சுற்றுக்குக் குனிய வேண்டும், ஒரு ஷிஃப்ட்டில் எத்தனையோ தடவை. தலை சுற்றும், இடுப்பு போகும். மதியத்துக்கு மேல் சுற்றின பேலட் காலையில் சுற்றினதைவிடத் தளர்வாக இருந்தால் அந்த ஆளைத் திட்டிப் பயனில்லை.

இன்னொரு சங்கதி மூலை. இறுக்கமான தாள் வளைகிற இடத்தில்தான் உள்பக்கம் அழுத்தும். நேராகப் போகிற இடத்தில் அழுத்தவே அழுத்தாது. ஆகவே சதுர அடுக்கில் அழுத்தம் முழுக்க நான்கு மூலைகளிலும்தான். அட்டைப்பெட்டிகளின் மூலை நசுங்குவது இதனால்தான். அட்டையில் செய்த எல் வடிவ மூலைப்பட்டையை வைத்துச் சுற்றினால் அழுத்தம் பரவும். பெட்டியின் பலமும் அதன் மூலைகளில்தான் இருக்கிறது என்பதால், மூலைக்கு மேல் மூலை வருமாறு நேராக அடுக்குவது பெட்டிக்கு நல்லது. நெல் மூட்டையைப் போல மாற்றி மாற்றி அடுக்கினால் அடுக்கு அசையாது, ஆனால் அடிப்பெட்டி தாங்கும் எடை கணிசமாகக் குறையும். ஃபிலிம் ஒழுங்காக இறுகியிருந்தால் நேர் அடுக்கே போதும்.

அடிக்கடி கோட்டை விடுவது அடிப்பாகத்தில். பெட்டிகளை மட்டும் அழகாகச் சுற்றிவிட்டு, பலகையைத் தொடாமல் விட்டுவிடுவார்கள். பெட்டிகள் ஒரே கட்டாக இருக்கும், ஆனால் கட்டு முழுசாகப் பலகையிலிருந்து வழுக்கி இறங்கும். முதல் இரண்டு மூன்று சுற்று பலகையின் மேல்விளிம்பைச் சேர்த்துப் பிடிக்க வேண்டும். ரொம்பக் கீழே இறக்கினால் ஃபோர்க்லிஃப்ட்டின் கொம்பு நுழையும்போது கிழித்துவிடும். பிறகு ஒவ்வொரு சுற்றும் முந்தைய சுற்றைப் பாதி மறைக்கிற மாதிரி மேலே ஏற்றி, உச்சியில் இரண்டு சுற்று கொடுத்து, திரும்பக் கீழே இறக்கி முடிக்க வேண்டும்.

இவ்வளவு செய்தாலும் ஃபிலிம் பேலட்டை லாரியோடு கட்டாது. ஐரோப்பியச் சாலைப் போக்குவரத்துத் தரம், பிரேக் போடும்போது சரக்கின் எடையில் 80 சதவீதத்துக்குச் சமமான விசை முன்பக்கம் தள்ளும் என்று வைத்துக் கணக்குப் போடுகிறது. 800 கிலோ பேலட் என்றால் 640 கிலோ எடைக்கு நிகரான தள்ளு. அதைத் தாங்க பெல்ட், தடுப்புக்கட்டை, இடைவெளி இல்லாத ஏற்றுமதி என்று வேறு ஏற்பாடு வேண்டும்.

காய்கறி, பூ மாதிரி மூச்சுவிடுகிற சரக்கை இந்தத் தாளால் சுற்றினால் உள்ளே வேர்த்து அழுகிப்போகும். அதற்கு வலை மாதிரி இருக்கிற ஃபிலிம் தனியாக உண்டு.

வாங்குகிறவர்களுக்கு ஒரு கணக்கு. ரோல் கிலோக் கணக்கில் விற்கிறது, உள்ளே இருக்கும் அட்டைக்குழாயின் எடையும் சேர்ந்தே வரலாம். அரை மீட்டர் அகலம், 23 மைக்ரான் தாள் என்றால் ஒரு மீட்டர் சுமார் 10.6 கிராம். குழாய் நீங்கலாக 2.5 கிலோ இருந்தால் ஏறக்குறைய 236 மீட்டர் கிடைக்க வேண்டும். மொத்தமே 2.5 கிலோ, அதில் குழாய் 700 கிராம் என்றால் 170 மீட்டர்தான். இழுக்காமல் 10 மீட்டர் பிரித்துத் தராசில் வையுங்க. 106 கிராம் பக்கத்தில் இருந்தால் 23 மைக்ரான், 83 கிராம் என்றால் அது 18 மைக்ரான். லேபிளில் என்ன போட்டிருந்தாலும் சரி.

சுற்றினது சரியாக இழுபட்டிருக்கிறதா என்று பார்க்கவும் கருவி எதுவும் வேண்டாம். ரோலின் மேல், தாள் ஓடுகிற திசையில் 10 சென்டிமீட்டர் இடைவெளி விட்டு மார்க்கரால் இரண்டு கோடு போட்டுவிட்டுச் சுற்றுங்க. பேலட்டில் ஏறின பிறகு அந்தக் கோடுகளுக்கு நடுவே அளந்தால் 15 வந்தால் 50 சதவீதம் இழுபட்டிருக்கிறது. 11 வந்தால், எத்தனை சுற்று இருந்தாலும், லாரிக் கதவைத் திறக்கிறவர் ஒதுங்கி நின்று திறப்பது நல்லது.