டிரைவர் இல்லாத டாக்ஸி: ஏறத் துணிவீர்களா?

செல்போனில் டாக்ஸிக்குச் சொல்லிவிட்டுத் தெருவோரம் நிற்கிறீர்கள். கார் வந்து நிற்கிறது. உள்ளே யாரும் இல்லை. ஏறி உட்கார்ந்து பெல்ட் மாட்டி, பட்டனைத் தொட்டதும் ஸ்டியரிங் தானாகத் திரும்பிக் கார் கிளம்புகிறது. அமெரிக்காவின் சான் பிரான்சிஸ்கோ நகரில் இது இப்போது அன்றாடக் காட்சி.

அதே அமெரிக்காவில் ஏஏஏ என்னும் வாகன ஓட்டிகள் சங்கம் 2025-ல் வெளியிட்ட சர்வேயைப் பாருங்கள். தானாக ஓடும் வாகனத்தில் செல்வதற்குப் பயப்படுவதாக 100-க்கு 61 பேர் கூறியுள்ளனர். நம்பி ஏறுவோம் என்றவர்கள் 13 பேர்தான். வண்டி தயார், ஆனால் மனம் தயாராகவில்லை. ஏன்?

கார் எப்படிப் பார்க்கிறது?

கூகுள் 2009-ல் தொடங்கிய திட்டம்தான் 2016-ல் வேமோ என்ற தனி நிறுவனமானது. 2020 அக்டோபரில் பீனிக்ஸ் பகுதியிலும், 2024 ஜூனில் சான் பிரான்சிஸ்கோவிலும் பொதுமக்கள் அனைவருக்கும் இந்தச் சேவை திறந்துவிடப்பட்டது. அங்கு ஓடுபவை ஜாகுவார் ஐ-பேஸ் எலக்ட்ரிக் கார்கள். சார்ஜ் தீர்ந்துவிடுமோ என்ற கவலை இங்கே பயணிக்கு இல்லை. அது நிறுவனத்தின் பொறுப்பு.

இந்தக் காரில் 29 கேமராக்களும், ரேடார்களும், லைடார் சென்சார்களும் உள்ளன. லைடார் லேசர் ஒளியை அனுப்பி, அது பட்டுத் திரும்பும் நேரத்தைக் கொண்டு தூரத்தைக் கணக்கிடுகிறது. நடந்து செல்பவர் அடுத்து எந்தப் பக்கம் திரும்பக்கூடும் என்பதை சாப்ட்வேர் கணிக்கிறது. பயணி முன் உள்ள திரையில், கார் எதையெல்லாம் கவனித்துள்ளது என்பது படமாக ஓடுகிறது. சைக்கிள்காரரைக் கார் பார்த்துவிட்டது என்று தெரிந்தால் நம் மனமும் சற்று நிம்மதி அடைகிறது அல்லவா?

இது புதிய பயம் அல்ல. லிப்ட் தானாக இயங்கத் தொடங்கிய காலத்தில், ஆபரேட்டர் இல்லாமல் அதில் ஏறப் பலர் தயங்கினார்கள். அவசர பட்டனும், உதவிக்கு அழைக்கும் போனும் அந்தத் தயக்கத்தைப் போக்க உதவின. டாக்ஸித் திரையிலும் ஓரமாக நிறுத்தச் சொல்லவும் உதவியாளரை அழைக்கவும் வசதி உள்ளது.

தெருவில் நிற்பவரின் கோபம்

ஏறுபவர் தானே விரும்பி ஏறுகிறார். தெருவில் நடப்பவரை யாரும் கேட்கவில்லை. 2023-ல் சான் பிரான்சிஸ்கோ தீயணைப்புத் துறையினர், இந்தக் கார்கள் தங்கள் வழியை மறிப்பதாகப் புகார் கூறினர். அதே ஆண்டு ஜூலையில் சிலர் காரின் பானட் மீது டிராபிக் கோனை வைத்து, அதை நகர முடியாமல் செய்தனர். 2024 பிப்ரவரியில் சைனா டவுனில் ஒரு கூட்டம் வேமோ கார் ஒன்றை எரித்தே விட்டது.

நம்பிக்கை உடைந்த இடம்

2023 அக்டோபர் 2. ஜெனரல் மோட்டார்ஸ் குழுமத்தைச் சேர்ந்த குரூஸ் நிறுவனத்தின் டிரைவர் இல்லாத கார் சான் பிரான்சிஸ்கோவில் போய்க்கொண்டிருந்தது. மனிதர் ஓட்டிய வேறொரு கார் மோதியதில், ஒரு பெண் தூக்கியெறியப்பட்டு அதன் முன் விழுந்தார். குரூஸ் கார் பிரேக் போட்டும் அவர் மீது மோதியது. அதன் சாப்ட்வேர் இதைப் பக்கவாட்டு மோதல் என்று தவறாகப் புரிந்துகொண்டது. 'விபத்து நடந்தால் ஓரம் கட்டு' என்ற விதிப்படி மீண்டும் நகர்ந்து, அடியில் சிக்கிய அவரைச் சுமார் 20 அடி இழுத்துச் சென்றது. ஒரு மனித டிரைவர் இறங்கிக் குனிந்து பார்த்திருப்பார்.

ஆனால் குரூஸை வீழ்த்தியது இந்தத் தவறு மட்டுமல்ல. காரில் பெண் இழுத்துச் செல்லப்பட்ட விஷயத்தை நிறுவனம் அதிகாரிகளிடம் முழுமையாகச் சொல்லவில்லை. கலிபோர்னியா அரசு அதே மாதம் அனுமதியை நிறுத்தி வைத்தது. பொய்யான அறிக்கை தந்ததை 2024 நவம்பரில் ஒப்புக்கொண்டு, குரூஸ் 5 லட்சம் டாலர் அபராதம் கட்டச் சம்மதித்தது. அடுத்த மாதமே ஜெனரல் மோட்டார்ஸ் ரோபோ டாக்ஸித் திட்டத்தைக் கைவிட்டது.

சாப்ட்வேர் எழுதுபவர்களுக்கு ஒன்று நன்றாகத் தெரியும்: பிழையே இல்லாத புரோகிராம் கிடையாது. பிழையை மறைக்காமல் பதிவு செய்து, காரணம் கண்டுபிடித்துத் திருத்துவதுதான் தொழில். 2025 ஜனவரி வரை ஓடிய 5 கோடியே 67 லட்சம் மைல்களை ஆராய்ந்து, மனித டிரைவர்களைவிடத் தன் கார்களால் காயம் ஏற்படும் விபத்துகள் மிகக் குறைவு என்று வேமோ காட்டியுள்ளது. நல்ல செய்திதான். ஆனால் கணக்குப் போட்டவரும் கார் ஓட்டுபவரும் ஒருவரே. எனவே அந்த விவரங்களை வெளியார் சோதிக்க முடிவது மிக அவசியம்.

நீங்கள் கேட்க வேண்டியவை

வெளிநாடு செல்லும்போது இந்த டாக்ஸியில் ஏற வாய்ப்புக் கிடைக்கலாம். முதலில் உங்களுக்கு நீங்களே இவற்றைக் கேட்டுக்கொள்ளுங்கள்:

1. எந்தப் பகுதிக்குள் ஓட இதற்கு அனுமதி உள்ளது?
2. உள்ளே இருக்கும் கேமரா எதைப் பதிவு செய்கிறது?
3. போலீசும் தீயணைப்பு வீரர்களும் இதை எப்படி நிறுத்துவார்கள்?
4. விபத்து நடந்தால் முழு விவரமும் மக்களுக்குக் கிடைக்குமா?

முதல் மூன்றுக்கும் இன்ஜினியர்கள் பதில் சொல்லிவிடுவார்கள். நான்காவதற்கு நிறுவனத்தின் நேர்மையும் அரசின் கண்டிப்பும் வேண்டும். அதற்குச் சரியான பதில் கிடைக்கும் ஊரில் தயங்காமல் ஏறலாம்.