பிறந்த காட்டில் தோப்பாகாத மரம்

உலகம் இன்று ஆண்டுக்கு ஏறத்தாழ 1.4 கோடி டன் இயற்கை ரப்பர் எடுக்கிறது. அதில் மூன்றில் ஒரு பங்கு தாய்லாந்தினுடையது, அடுத்து இந்தோனேசியா. மரத்தின் தாயகமான பிரேசிலின் பங்கோ நூற்றுக்கு இரண்டு மூன்றைத் தாண்டாது. இந்தத் தலைகீழ் மாற்றத்தில் ஒரு பூஞ்சைக்கு எவ்வளவு பெரிய பங்கு என்பது எனக்கு இன்னும் வியப்பு அடங்காத செய்தி.

1888இல் டன்லப் காற்றடைத்த டயரைக் கொண்டுவந்தபின் உலகத்துக்கு ரப்பர் பசி எடுத்தது. அமேசான் காட்டில் ஒரு ஹெக்டேருக்கு இரண்டு மூன்று ரப்பர் மரங்களே நிற்கும். பால் எடுப்பவர் நூறு, நூற்றைம்பது மரங்களுக்காக நாளெல்லாம் காட்டுத்தடத்தில் நடந்தார், கடனிலேயே செத்தார். ரப்பர் ஈட்டிய பணத்தில்தான் நடுக்காட்டு மனௌஸ் நகரில் 1896இல் ஓர் இசை நாடக அரங்கு திறக்கப்பட்டது.

அதற்கு இருபது ஆண்டு முன்பே, 1876இல், ஹென்றி விக்கம் என்ற ஆங்கிலேயர் சுமார் 70,000 விதைகளை லண்டன் கியூ தோட்டத்துக்குக் கொண்டுபோய்ச் சேர்த்திருந்தார். எண்ணெய்ப்பசை மிகுந்த அந்த விதைகள் சீக்கிரம் கெட்டுப்போகும். நூற்றுக்கு நான்குகூட முளைக்கவில்லை. பிழைத்த நாற்றுகளில் பெரும்பாலானவை இலங்கைக்குப் போயின. மறு ஆண்டு 22 மட்டும் சிங்கப்பூரை அடைந்தன.

அங்கே தாவரத் தோட்டத்தை நடத்திய ஹென்றி ரிட்லி, மரத்தைக் கொல்லாமல் பால் எடுக்கும் வழியைக் கண்டார். பால் நாளங்கள் பட்டைக்குள் ஓடுகின்றன. அவற்றுக்கும் உள்ளே மரத்தைப் பருக்கவைக்கும் மெல்லிய திசு இருக்கிறது. அதைத் தொடாமல், பழைய வெட்டிலேயே பட்டையை இழையிழையாகச் சீவினால் பால் மேலும் மேலும் சுரக்கும். விடியற்காலையில் மரத்துக்குள் நீரழுத்தம் அதிகம் என்பதால் அப்போது வெட்டினால்தான் பால் நெடுநேரம் வடியும். வெயில் ஏறினால் இலைகள் நீரை இழக்கும், பாலும் நின்றுவிடும்.

ஆள்சேர்க்கும் கங்காணிகள் வழியே மலாயாவுக்குப் போன தமிழர்கள் இருட்டிலேயே ஆள் கணக்கெடுக்கும் பெரட்டுக்கு நின்று பால்மரக் காட்டுக்குள் நுழைந்தது இதனால்தான். ஆசியத் தோட்ட ரப்பர் 1913 வாக்கில் காட்டு ரப்பரை முந்தியபோது, அந்த உற்பத்தியில் அவர்கள் உழைப்பும் சேர்ந்திருந்தது.

பிரேசிலிலும் தோட்டம் போட்டால் என்ன? ஹென்றி ஃபோர்டு 1928இல் தபஜோஸ் ஆற்றங்கரையில் அதைத்தான் செய்தார். மரங்கள் வளர்ந்து கிளையோடு கிளை கோத்ததும் இலைக்கருகல் நோய் பரவியது. இந்த நோயைத் தரும் பூஞ்சை இளந்தளிர்களைத்தான் தாக்கும். முற்றிய இலைகள் தாங்கிக்கொள்ளும். காட்டில் மரத்துக்கு மரம் இருந்த தூரமே காவலாக இருந்தது. வரிசையில் நட்டபோது அந்தக் காவல் போயிற்று. 1945இல் ஃபோர்டு நிறுவனம் எல்லாவற்றையும் விட்டு வெளியேறியது.

பூஞ்சை கடல் தாண்டாததால் ஆசியத் தோப்புகள் தப்பின. ஆனால் உற்பத்தியில் நாடுகளின் இடம் மாறிக்கொண்டே இருக்கிறது. நெடுங்காலம் முதலிடத்தில் இருந்த மலேசியா எண்ணெய்ப்பனைக்குத் திரும்ப, 1990களின் தொடக்கத்தில் தாய்லாந்து முந்தியது. அண்மையில் ஆப்பிரிக்காவின் ஐவரி கோஸ்ட் ஆண்டுக்குப் பத்து லட்சம் டன்னைக் கடந்துவிட்டது.

ஆனால் ஆசியாவின் மரங்களில் மிகப் பெரும்பாலானவை விக்கம் கொண்டுவந்தவற்றில் முளைத்த அந்தச் சில விதைகளின் வாரிசுகள். பூஞ்சை ஒருநாள் வந்து இறங்கினால் எதிர்த்து நிற்கும் வகைகள் அவற்றில் அரிது. அத்தகைய வகைகளைத் தாயகத்தில்தான் தேட வேண்டும். ஆகவே அமேசானில் எஞ்சியிருக்கும் காட்டு மரங்களைக் காப்பது தாய்லாந்துக்கும் கேரளத்துக்கும் கன்னியாகுமரிக்கும் சேர்ந்த கவலை.

பிரேசில் இன்று எடுக்கும் ரப்பரில் பாதிக்கு மேல் சாவோ பாவ்லோ மாநிலத்தில் விளைகிறது. அங்கே தளிர் விடும் பருவம் வறண்டிருக்கும். பூஞ்சைக்கு வேண்டிய ஈரம் கிடையாது. அமேசான் அங்கிருந்து வெகு தொலைவில் இருக்கிறது.