தெரிந்தும் வாய் திறக்காத பையன்

டீ ஆறுகிறது, எடுத்துக்கொள்ளுங்கள் அண்ணே. 2019 ஜூலையில் சென்னை அரும்பாக்கத்தில், 29இ பஸ்ஸில் வந்த கல்லூரி மாணவர்கள் பட்டாக்கத்தியோடு மோதிக்கொண்டதைச் சொன்னீர்கள். ‘ரூட்டு தல’ தகராறு, அதாவது அந்த பஸ் ரூட்டில் வரும் மாணவர்களுக்கு யார் தலைவன் என்ற சண்டை. பட்டப்பகல், நடுரோடு. கத்தி தானாகப் பைக்குள் ஏறாது, முன்கூட்டியே பத்துப் பேர் காதிலாவது விழுந்திருக்கும். ஒருத்தன்கூட வாய் திறக்கவில்லையே, அத்தனை பேருமா ரவுடி என்கிறீர்கள்.

இல்லை அண்ணே. இந்த மாதிரிப் பேச்சு நடக்கும் இடத்தில் பாதிப் பேருக்கு மேல் வயிற்றைக் கலக்கிக்கொண்டுதான் இருக்கும். ஆனால் ஒவ்வொருவனும் பக்கத்தில் இருப்பவன் முகத்தைப் பார்க்கிறான். அவன் சிரிக்கிறான். ‘இவனுக்கே பயமில்லை, நமக்கென்ன’ என்று இவனும் சிரித்துவைக்கிறான். அவன் சிரித்ததும் இதே கணக்கில்தான் என்பது இவனுக்குத் தெரியாது.

1968ல் அமெரிக்க உளவியலாளர்கள் பிப் லட்டானேயும் ஜான் டார்லியும் இதைச் சோதித்தார்கள். மாணவனைப் படிவம் நிரப்பச் சொல்லிவிட்டு அறைக்குள் புகையை விட்டார்கள். தனியாக இருந்தவர்களில் 75 சதவீதம் பேர் எழுந்துபோய்ச் சொன்னார்கள். கண்டுகொள்ளாததுபோல் நடிக்க இரண்டு பேரைக் கூட உட்காரவைத்ததும் அது 10 சதவீதமானது. கண் எரிகிறது, இருமல் வருகிறது, புகையைக் கையால் விசிறிவிட்டு எழுதிக்கொண்டே இருக்கிறான்! கண்ணெதிரே வரும் புகைக்கே இந்தக் கதி. நண்பன் சொல்வது வெறும் வாய்ச்சவடாலா, நிஜமா என்று அவன் எப்படி முடிவுகட்டுவான்?

அமெரிக்காவில் 1974 முதல் 2000 வரை பள்ளிகளில் நடந்த 37 தாக்குதல்களை அந்நாட்டுப் பாதுகாப்பு அமைப்பான சீக்ரெட் சர்வீஸ் ஆராய்ந்தது. ஐந்தில் நான்குக்கு முன்கூட்டியே யாருக்காவது விஷயம் தெரிந்திருந்தது. தெரிந்தவர்கள் அநேகமாக எல்லோரும் கூடப் படித்தவர்கள், நண்பர்கள், உடன்பிறந்தவர்கள். பெரியவர்கள் ரொம்பக் குறைவு. 2008ல் வந்த அடுத்த அறிக்கையில் அப்படித் தெரிந்தவர்கள் சிலரிடமே கேட்டார்கள். ‘அவன் நிஜமாகச் செய்வான் என்று நினைக்கவில்லை’ என்பது ஒரு பதில். சொன்னால் நம்மைத்தான் பிடித்துக்கொள்வார்கள் என்று பயந்தவர்களும் வாயை மூடிக்கொண்டிருந்தார்கள்.

இந்தப் பயத்தை ஊட்டுவது நாம்தான். பையன் பாதி சொன்னதுமே, “உனக்கு எப்படித் தெரியும்? நீயும் கூட இருந்தியா?” என்கிறோம். போனைப் பிடுங்குகிறோம். வாத்தியார் வகுப்பிலேயே பெயரைச் சொல்லிவிடுகிறார். மறுநாள் அதே பஸ், அதே பெஞ்சு, ‘போட்டுக் கொடுத்தவன்’ என்ற பட்டம். குற்றம் நடக்கலாம், நடக்காமலும் போகலாம், பட்டம் நிச்சயம். பதினெட்டு வயதுக்காரனுக்கு இந்தக் கணக்கு நன்றாகத் தெரியும்.

உங்கள் பையன் எதையாவது பாதியில் நிறுத்தினால், குறுக்கு விசாரணை வேண்டாம் அண்ணே. “சொன்னது நல்லதாப் போச்சுடா” என்று மட்டும் சொல்லுங்கள். அவன் பெயர் வெளியே வராது என்று வாக்குக் கொடுங்கள். கல்லூரியிலும் அதை வற்புறுத்திக் கேட்டு வாங்குங்கள்.